தேருக்குக் காவல், சேரிக்கு?

தேரை நகர்த்த வடம் வேண்டும், வடத்தைப் பிடிக்கக் கை வேண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேண்டும். இவ்வளவும் நாம் அறிந்தவை. தேர் நகரத் துப்பாக்கியும் தடியும் வேண்டும் என்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறது? தேடிப் பார்த்தவர்கள் சொல்லட்டும். ஆயினும், 2024ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில், சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர் அசைந்தபோது, அதைச் சூழ்ந்து நின்றவர்கள் சிவனடியார்கள் மட்டுமல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட காக்கிச் சட்டையினர் நின்றனர். அவர்களுக்குச் சோறு போட்டதும், வண்டி வைத்து அழைத்து வந்ததும், படி கொடுத்ததும் அரசு. அரசு என்றால் யார்? உப்பு வாங்குகிறவன், தீப்பெட்டி வாங்குகிறவள், செங்கல் சுமக்கிறவன், நாற்று நடுகிறவள். அவர்கள் கட்டிய வரியிலே ஆண்டவனுக்கு அணிவகுப்பு!

வழிபாட்டு இடங்களுக்கு அரசு காவல் தரலாமா, அதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி இன்று உலகெங்கும் எழுந்திருக்கிறது. நம்மில் சிலர், "கடவுளுக்குக் காவல் எதற்கு? தன்னைக் காத்துக் கொள்ளாதவன் நம்மையா காப்பான்?" என்று கேட்டுவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். உண்டியலுக்குப் பூட்டுப் போட்ட அன்றே பக்தன் அதற்கு விடை எழுதிவிட்டான். ஆனால் தோழர்களே, அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் நாம் நகைச்சுவையாளர்கள் ஆவோமே தவிர, சீர்திருத்தக்காரர்கள் ஆகமாட்டோம். நாம் கேட்க வேண்டியது வேறு. காவல் யாருக்கு? யாரிடமிருந்து? செலவு யார் கணக்கில்?

திருடனிடமிருந்து காப்பதை முதலில் பார்ப்போம். அதில் சிக்கல் குறைவு.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்றொரு சிற்றூர். பூசை நின்று, எண்ணெய் வற்றி, வௌவால் குடியேறிய பழைய சோழர் காலக் கோயில் ஒன்று அங்கே இருந்தது. அதிலிருந்த ஆடல்வல்லான் செப்புத் திருமேனியைக் கள்வர் கொண்டு போயினர். ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டு அதனை ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிற்று! ஊரில் ஒரு விளக்கு எரிய வழியில்லாத நடராசனுக்கு, கடல் தாண்டிப் போனதும் கோடிக்கணக்கில் விலை. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபட் டில்லிக்கு வந்தபோது கையோடு கொண்டு வந்து ஒப்படைத்தார். சிலையை விற்ற வணிகன் சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு இங்கே கொண்டு வரப்பட்டு, 2022 நவம்பரில், உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றான்.

இந்தக் கள்வனைக் காட்டிக் கொடுத்தது எது? கோயில் பூட்டா? அது உடைந்து கிடந்தது. தெய்வ சக்தியா? அது கப்பலேறிப் போயிருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்! 1956 முதல் திரட்டப்பட்டு வரும் அந்தத் தொகுப்பிலிருந்த படத்தையும், கலைக்கூடத்திலிருந்த சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்; உண்மை வெளிப்பட்டது. மந்திரம் செய்யாததை ஒரு படச்சுருள் செய்தது. ஒவ்வொரு கோயில் சிலையையும் நான்கு புறமும் படம் பிடித்து, அளவெடுத்து, எடை போட்டு, பதிவேட்டில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு குடமுழுக்கில் வானத்திலிருந்து பூத்தூவ ஆகும் செலவினும் எத்தனை பங்கு குறைவு என்பதைப் பக்தர்களே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

சிலை பக்தனுக்குக் கடவுள், நமக்குக் கலை. வார்த்தெடுத்தவன் தமிழன்; மெழுகிலே உருச் செய்து, மண்ணிலே பொதிந்து, உலோகத்தைக் காய்ச்சி ஊற்றிய அந்தத் தொழிலாளியின் கைத்திறன் நம் அனைவருக்கும் சொந்தம். ஆகவே அதைக் காக்கத் தமிழக அரசு 1983இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு என ஒரு காவல் பிரிவை அமைத்ததை நாம் குறை கூறவில்லை. திருவாரூரில் உலோகத் திருமேனிகளுக்கெனப் பாதுகாப்பு மையம் அமைந்ததையும் குறை கூறவில்லை. ஒன்று மட்டும் சொல்லுவோம்: நிலமும் தோப்பும் கடையும் உண்டியலும் உடைய பெரிய கோயில்கள் தம் இரும்புக் கதவுக்கும் இரவுக் காவலாளிக்கும் தம் பணத்தையே செலவிடட்டும். அறநிலையத் துறையும் அதைத்தான் செய்யச் சொல்கிறது. வசதியற்ற சிற்றூர்க் கோயிலின் செப்புச் சிலைக்கு அரசு கை கொடுக்கட்டும். இவ்வளவுதான் இதில்.

செட்டிநாட்டாருக்கு இது புரியாத கணக்கன்று. இளையாற்றங்குடி தொடங்கி வேலங்குடி வரை ஒன்பது நகரக் கோயில்கள் வைத்து, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வசூலித்து, வரவு செலவைக் காசு பிசகாமல் எழுதி வைத்த மரபு அவர்களுடையது. தம் கோயிலுக்குத் தாமே கொடுத்தார்கள்; அரசிடம் கையேந்தவில்லை. அந்தச் செல்வத்தில் இன்னும் பெரும் பகுதி கல்வியின் பக்கம் திரும்பியிருக்கலாகாதா என்று நாம் கேட்டதுண்டு, கேட்டுக்கொண்டுதான் இருப்போம். திரும்பிய ஒரு கை என்ன செய்தது என்பதற்குக் காரைக்குடியே சாட்சி. அழகப்பர் 1947இல் கல்லூரி கண்டார். முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அந்த வாயிலில் நுழைகிறவனை, "நீ எந்த நாடு? எந்தக் கரை? எந்த வகையறா?" என்று எவரும் கேட்பதில்லை. காவலாளி ஒருவன் அங்கும் நிற்கிறான். அவன் பார்ப்பது அடையாள அட்டையை மட்டுமே.

இனி, கொலைகாரனிடமிருந்து காக்கும் காவல். இங்கே நம் கேலிக்கு இடமில்லை.

கடல் கடந்து வாழ்வது செட்டிநாட்டுக்குப் பழகிய கதை. இரங்கூனிலும், பினாங்கிலும், சிங்கப்பூரிலும், கொழும்பிலும் கடை வைத்த இடமெல்லாம் கோயிலும் வைத்தார்கள். அங்கே அவர்கள் சிறுபான்மையினர். ஊர் கொந்தளிக்கும் போது, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தெருவில் கேட்கும் காலடி ஓசைக்கு நடுங்குவது என்றால் என்ன என்பதைப் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அறிவார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த தமிழ்க் கடைகளின் சாம்பலைக் கண்டவர்களும் அறிவார்கள்.

அப்படி நடுங்குகிறவர்கள் இன்றும் உலகில் இருக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக் கிரீக் நகரத்துக் குருத்துவாராவில் சீக்கியர்களைச் சுட்டான் ஒரு நிறவெறியன். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்து யூத ஆலயத்தில் பதினொருவரைக் கொன்றான் இன்னொருவன். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த 51 பேர் பலியாயினர். அடுத்த மாதமே, ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என மூன்று இடங்களில் தேவாலயங்களும், தலைநகரில் விடுதிகளும் குண்டுகளால் தகர்ந்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களில் பலர் தமிழ்க் குழந்தைகள். ஞாயிறு பள்ளி முடித்து, வெளியே நின்று கொண்டிருந்த சிறுவர் சிறுமியர்!

அந்தப் பிஞ்சுகளின் முன்னே போய் நின்று, "உங்கள் கர்த்தர் காப்பாற்றவில்லையே" என்று பேசுவது பகுத்தறிவா? அது பண்பின்மை. கடவுளை நம்புகிறவனும் மனிதன். அவன் உடலில் ஓடுவதும் செங்குருதி. அவன் தொழுகையில் நமக்கு உடன்பாடில்லை என்பதால் அவன் சாவில் நமக்கு உடன்பாடு இருக்க முடியுமா? அமெரிக்க அரசு 2005 முதல், தாக்குதல் அச்சம் உள்ள வழிபாட்டு இடங்களுக்கும் இலாப நோக்கற்ற அறநிறுவனங்களுக்கும் பாதுகாப்பு நிதி வழங்கி வருகிறது. 2022இல் 25 கோடி டாலர். 2023இல் 30 கோடியே 50 இலட்சம் டாலர். உறுதியான கதவுக்கு, கண்காணிப்புக் கருவிக்கு, வேலிக்கு, காவலருக்கு. அரசையும் மதத்தையும் பிரித்து வைப்பதாகச் சொல்லிக் கொள்ளும் நாட்டிலே இது நடக்கிறது. யூதன், முஸ்லிம், சீக்கியன், கிறிஸ்தவன், இந்து எவரும் கேட்கலாம். சமயம் சாராத அற நிறுவனமும் கேட்கலாம். நம்மைப் போன்ற நாத்திகர் சங்கம் ஒன்று தாக்கப்படும் என்ற அச்சம் இருந்தால், அதுவும் கேட்கலாமன்றோ? கொடுக்கும் நிதி பூசைக்கு அன்று. புகுந்து சுடுகிறவனைத் தடுக்கும் கதவுக்கு. ஆகவே அதை நாம் ஏற்கிறோம்.

நம் நாட்டில் நடந்ததோ என்ன? ஒருவர் தரும் வரியை ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கவோ பராமரிக்கவோ ஒதுக்கி, அதைக் கட்டுமாறு அவரை வற்புறுத்தலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு. நல்ல பிரிவு, நாம் போற்றும் பிரிவு. ஆனால் 2002இல் குஜராத்தில் பள்ளிவாசல்களும் தர்காக்களும் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்ட போது, காவல் தர வேண்டிய அரசு எங்கே இருந்தது? இடிந்தவற்றைச் செப்பனிட அரசே பணம் தர வேண்டும் என்று 2012இல் குஜராத் உயர் நீதிமன்றம் கூறிற்று. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 27ஆம் பிரிவை நீட்டிற்று. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, ஒரு கட்டடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் தரும் அரசின் திட்டத்தை ஏற்றுக் கொண்டது. காவல் தரத் தவறியதற்கு உச்சவரம்பு ஐம்பதாயிரம்! கும்பமேளாவுக்குக் கோடி கோடியாய்க் கொட்டும் போது இந்த 27ஆம் பிரிவு எந்தப் பெட்டிக்குள் உறங்குகிறது என்பது நமக்கு விளங்காத மர்மம்.

இப்போது கண்டதேவிக்குத் திரும்புவோம். அங்கே தேரைத் தாக்க வந்தவன் எவன்? கடல் கடந்த கள்வனா? வெடிகுண்டு வீசும் வெறியனா? எவனும் இல்லை. அந்த ஆயிரம் காவலரும், ஒரு தமிழன் இன்னொரு தமிழனோடு சேர்ந்து ஒரே வடத்தைத் தொட்டால் கலகம் மூளும் என்பதற்காக நின்றவர்கள்!

கதை நீண்டது. தேருக்கு நான்கு வடம், உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாடு, நாட்டுக்கொரு வடம். அம்பலங்களுக்கு முதல் மரியாதை. தாழ்த்தப்பட்டோர்க்கு? தேர் உருளும் பாதையைச் செப்பனிடலாம், வடத்தைத் தொடலாகாது. "நாங்களும் இழுப்போம்" என்று அவர்கள் எழுந்தனர். 1998இல் வழக்கு நீதிமன்றம் ஏறியது; அனைவருக்கும் உரிமை உண்டு என்ற ஆணை பிறந்தது. ஆணை பிறந்ததும் தேர் படுத்துக் கொண்டது! சில ஆண்டுகள் ஓடவில்லை. பிறகு காவல் சூழ ஓடிற்று. பெயருக்குச் சிலரைத் தொட விட்டு, நாடகம் நடத்தி முடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2006க்குப் பிறகு முழுவதுமாய் நின்றது. பழுது என்றார்கள், திருப்பணி என்றார்கள், புதுத் தேர் என்றார்கள். புதுத் தேரும் வந்தது, வந்தும் நின்றது. சமத்துவம் ஏறிய தேரை இழுப்பதைவிட, சிவனையே நிலையில் நிறுத்தி வைப்பது மேல் என்று கருதினார்களே, அவர்களா பக்தர்கள்? பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவனைப் பட்டினி போட்டவர்கள் கருப்புச் சட்டைக்காரர்கள் அல்லர். திருநீறு பூசிய நெற்றிக்காரர்கள்!

உஞ்சனை என்றேனே, அந்தப் பெயரை இளைஞர்கள் மறந்திருக்கக் கூடும். 1979இல் அதே உஞ்சனையில், புரவி எடுப்புத் திருவிழாவை ஒட்டி எழுந்த பகையில், தாழ்த்தப்பட்டோர் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். மண் குதிரையை எடுப்பதில் மானம் கேட்டதற்கு ஐந்து உயிர் விலை. மண் குதிரைக்கு உரியவர் எத்தனை பேர் இருந்தார்கள்! அந்த ஐவரின் வீட்டுக்கு?

தேருக்கு ஆயிரம் காவலர் வருகிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் அவர்கள் ஊர்திகளில் ஏறிப் போய்விடுகிறார்கள். அன்றிரவு வடத்தைத் தொட்டவன் வீடு திரும்ப வேண்டும். மறுநாள் அவன் வேலைக்குப் போகும் வயல் யாருடையது? அவன் மனைவி தண்ணீர் எடுக்கும் வழி யார் வீட்டு முன்பாகப் போகிறது? ஒருநாள் உரிமைக்கு ஆயிரம் பேர். ஆண்டின் மற்ற நாட்களுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கண்டதேவி தனித்து நிற்கவில்லை. 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தாழ்த்தப்பட்டோர் முத்துமாரியம்மன் கோயிலில் காலடி வைக்க, மாவட்ட ஆட்சியரும் காவற்படையும் உடன் நடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் அவர்கள் நுழைவதை மறுத்ததால் கலகம் மூளுமென அஞ்சி, அதிகாரிகள் கோயிலைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தனர். பின்னர் நீதிமன்ற ஆணையின் பேரிலேயே அது திறந்தது. மூடிய கோயிலுக்கும் காவல், திறந்த கோயிலுக்கும் காவல்! ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஒரு காலத்தில் அரசின் காவல் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1897இல் பக்கத்துச் சீமையான கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். இராமநாதபுரம் சேதுபதி வழக்காடினார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1899இல் சிவகாசிக் கலவரத்துக்குப் பின் அந்தப் பகுதியில் தண்டக் காவல் நிறுத்தப்பட்டது. அதன் செலவு வரியாக ஊரார் தலையிலேயே விழுந்தது. அன்று சட்டம் மூடிய கதவின் பக்கம் நின்றது. இன்று திறந்த கதவின் பக்கம் நிற்கிறது. இந்த மாறுதல் வானத்திலிருந்து விழவில்லை. ஈரோட்டில் எழுந்த குரலும், வைக்கத்தில் பட்ட அடியும், ஊர் ஊராய் நடந்த சுயமரியாதைக் கூட்டங்களும் பெற்றுத் தந்த மாறுதல். காரைக்குடியிலும் சொ. முருகப்பா 'குமரன்' ஏட்டை நடத்தி, விதவை மணத்தைத் தம் வாழ்விலேயே செய்து காட்டிய காலம் உண்டு.

ஆயின், வெள்ளையன் செய்த ஒன்றை மட்டும் நாம் விட்டுவிட்டோம். காவலின் செலவை, காவலைத் தேவையாக்கியவன் கணக்கில் எழுதும் வழக்கம்.

"அதற்குச் சட்டம் வேண்டுமே?" என்பீர்கள். இருக்கிறது! 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், 1976இல் சேர்க்கப்பட்ட 10-அ பிரிவைப் படித்துப் பாருங்கள். தீண்டாமைக் குற்றத்துக்கு ஒரு பகுதி மக்கள் உடந்தையாக இருந்தால், அவர்கள் மீது கூட்டுத் தண்டம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. வசதிக்கேற்பப் பிரித்து வசூலிக்கலாம். குற்றத்தில் சேராதவர்க்கு விலக்கும் தரலாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அந்த அதிகாரத்தைத் தன்னுள்ளும் ஏற்றுக் கொண்டிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அச்சாகி, அலமாரியில் அடுக்கி, தூசு படிந்து கிடக்கிறது அந்தப் பிரிவு. எடுத்து விரிக்க எந்த ஆட்சிக்கும் துணிவு வரவில்லை. தேர்தல் வருகிறது, அம்பலக்காரர்களுக்கு ஓட்டு இருக்கிறது. அண்ணா பெயரைச் சொல்லும் கட்சி, காமராசர் பெயரைச் சொல்லும் கட்சி, எல்லோருக்கும் இந்த இடத்தில் நாக்கு ஒட்டிக் கொள்கிறது. நம் பக்கத்தவரையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

"குற்றமற்ற ஏழையும் தண்டம் கட்ட நேருமே" என்று இரங்குவோர் சிலர். அந்த இரக்கம் இத்தனை ஆண்டுகளாய் எங்கே ஒளிந்திருந்தது? இன்று கட்டுகிறவன் யார் என்று பாருங்கள். தடுத்தவன் கட்டவில்லை. தடுக்கப்பட்டவன்தான் கட்டுகிறான்! கண்டதேவிச் சேரியில் சோப்பு வாங்குகிறவளின் காசிலும் அந்தக் காவற்படைக்கு ஒரு பங்கு போகிறது. அவளை வடத்தினின்று விலக்கி வைத்ததற்கான செலவை அவளே தருகிறாள். விலக்கு அளிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று மேலே சொன்னேன். ஏழைக்கு அந்த விலக்கை முதலில் எழுதுங்கள். முதல் மரியாதை கேட்கிறவன் முதல் தவணையைக் கட்டட்டும்.

சிவகங்கைச் சீமை இளைஞர்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஆனி வருமுன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் வில்லை போதும். 1998 முதல் இன்று வரை கண்டதேவித் தேரோட்டத்துக்கென அனுப்பிய காவலர் எத்தனை பேர், அவர்களின் படி எவ்வளவு, ஊர்திச் செலவு எவ்வளவு, தடுப்புக் கட்டைச் செலவு எவ்வளவு என்று ஆண்டு வாரியாகக் கேளுங்கள். இரண்டாம் மனுவில், அதே ஆண்டுகளில் அந்த நான்கு நாட்டிலுமுள்ள தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளுக்குத் தெருவிளக்குக்கும், பாதைக்கும், வன்கொடுமை வழக்கில் சாட்சி சொன்னவர்களின் பாதுகாப்புக்கும் செலவிட்டது எவ்வளவு என்று கேளுங்கள். வருகிற விடைகளை ஒரே தாளில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக அச்சிட்டு, தேவகோட்டைப் பேருந்து நிலையத்திலும், காரைக்குடிக் கொப்புடையம்மன் கோயில் வாசலிலும் நின்று விற்பனை செய்யுங்கள். விலை ஒரு ரூபாய் வையுங்கள். இலவசமாய்க் கொடுத்தால் மடித்துக் கடலை கட்டி விடுவார்கள். முதல் படியை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, 10-அ பிரிவை நினைவூட்டி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.